கம்பியைப் பிடிக்கச் சொன்ன கண்டக்டர்

எங்கள் தெருவில் அறுபது வயதைத் தாண்டிய யாரும் கண்டக்டரின் உத்தரவு இல்லாமல் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்ததில்லை. ஒரு விசில் என்றால் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு விசில் என்றால் எழுந்திருக்கலாம். அதுவும் எதையாவது பிடித்துக்கொண்டு.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். பட்டுக்கோட்டையிலிருந்து ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை, கழுத்து விசிலையும் கழற்றவில்லை. "என் சர்வீஸ்ல வண்டிக்குள்ள ஒருத்தர் விழுந்தது கெடையாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். உண்மைதான். அந்த வண்டி போன வேகத்துக்கு அதில் யாராவது விழ வேண்டுமென்றால் முதல் நாளே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் வெளிநாட்டில். பக்கத்து வீட்டு ஜப்பார் பாய் சவூதியில், நான் துபாயில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில். தெருவில் மிச்சம் இருந்ததெல்லாம் எங்களைப் பெற்றவர்களும் அவர்களுடைய மூட்டுவலித் தைலமும்தான். நாங்கள் என்ன செய்தோம்? அவர்களை நன்றாக வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, நன்றாக இருந்த சிமென்ட் தரையைப் பெயர்த்துப் போட்டோம். ஜப்பார் பாய் மார்பிள் போட்டார். அது பொறுக்காமல் நான் கறுப்புக் கிரானைட் போட்டேன். குனிந்து பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. அதில் நடக்கப்போவது எழுபது வயது அம்மா ஒருத்திதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றிய ஒரே ஆள் கண்டக்டர். புதுத் தரைக்கென்று நான் வைத்த கிரகப்பிரவேசத்தன்று, அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில், ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் நடந்து வந்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இவர் நடுக்கூடத்தில் நின்று ஒரு காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார்.

"தம்பி, பாயசம் அப்பறம் குடிக்கிறேன். இதுல மொதல்ல யாரு விழப்போறா?"

நல்ல நாளில் கேட்கிற கேள்வியா இது?

"அண்ணே, மொதல்ல செருப்பக் கழட்டுங்க" என்றேன்.

"கழட்டுனா நான்தான் மொத ஆளா விழுவேன்."

அவருடைய சட்டதிட்டங்கள் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். வயசானவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்ததும் நடக்கக் கூடாது. ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தலை நின்ற பிறகுதான் கால் நிற்க வேண்டும். குளிக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். "வண்டி நின்னப்பறம்தான் எறங்கணும். ஒடம்பும் வண்டிதான்" என்பார். இதைக் கேட்டுக் கேட்டுச் சிலருக்கு விழுந்தால்கூடத் தேவலை என்று ஆகிவிட்டது.

ஜப்பார் பாயின் அப்பா, தெருவுக்கே அத்தா, அவர் மட்டும் இவரை அப்படியே நம்பினார். சாய்வு நாற்காலியிலிருந்து எழுவதென்றால் இரண்டு விசில் கேட்க வேண்டும். ஒருநாள் கண்டக்டர் யாரிடமும் சொல்லாமல் தாராசுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் உட்கார்ந்த அத்தா சாயங்காலம் வரை எழவில்லை. மருமகள் வந்து கேட்டதற்கு, "இன்னும் ரைட் சொல்லலம்மா" என்றாராம். ஜப்பார் பாய் சவூதியிலிருந்து போன் போட்டுக் கண்டக்டரைக் கண்டபடி திட்டினார். இவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அத்தா விழுந்தாங்களா, அத மட்டும் சொல்லுங்க பாய்" என்றார்.

என் அம்மா இவர் சட்டத்துக்கெல்லாம் அடங்குகிற ஆள் இல்லை. "சாமி படம் மாட்டுன வீட்டுக்குள்ள செருப்பா? கம்பியப் புடிச்சு நடக்க நான் என்ன சீக்காளியா?" என்று அவரை வாசலோடு திருப்பி அனுப்புவாள். அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கடைக்குப் போய் வந்தாலும் சரி, கொல்லையில் துணி காயப்போட்டு வந்தாலும் சரி, குழாயடியில் காலைக் கழுவிவிட்டு ஈரத்தோடு உள்ளே வருவாள். துடைத்தால் கழுவின புண்ணியம் போய்விடுமாம். வெள்ளிக்கிழமை இன்னும் விசேஷம். வீட்டையே கழுவிவிட்டு அப்புறம் காலைக் கழுவுவாள். கறுப்புக் கிரானைட், அதன்மேல் தண்ணீர், அதன்மேல் என் அம்மா. கண்டக்டருக்குத் தூக்கம் போனதில் ஆச்சரியமில்லை. எனக்கு நன்றாகவே தூக்கம் வந்தது.

மறு வருஷம் லீவில் வந்திருந்தேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு விமான டிக்கெட் விஷயமாகத் தஞ்சாவூர் போய்விட்டுத் திரும்பினால் வீட்டுக்குள் பெயின்ட் வாடை. கொல்லை வாசலில் தொடங்கி, குளியலறை வழியாக, அம்மாவின் கட்டில் வரைக்கும் சுவரோடு ஒரு நீளக் கம்பி. பழைய இரும்புக் கடையில் உடைத்துப் போட்ட பஸ்ஸிலிருந்து பிடுங்கி, வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து பொருத்தி, மஞ்சள் பெயின்டும் அடித்திருந்தார் கண்டக்டர். கூடவே வந்த தகடு ஒன்றைக் குளியலறைக் கதவுக்கு மேலே அடித்திருந்தார்: 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்.'

போதாக்குறைக்குக் குளியலறைக் கிரானைட்டை அம்மி கொத்துவதுபோல் கொத்தி வைத்திருந்தார்கள். என் பளபளப்பு போச்சு. நான் கத்திய கத்தலில் ஜப்பார் பாயின் அத்தா விசில் இல்லாமலே எழுந்துவிட்டார்.

"யாரக் கேட்டு இதச் செஞ்சீங்க? இது வீடா, டெப்போவா?"

கண்டக்டர் கையில் பிரஷ்ஷோடு நிதானமாகத் திரும்பினார்.

"தம்பி, நீங்க மாசத்துக்கு ஒரு தடவ போன் பண்றீங்க. அக்கா ஒரு நாளைக்குப் பத்துத் தடவ குளியலறைக்குப் போறாங்க. அதுல எந்தத் தடவைக்கு நீங்க வருவீங்க?"

பதில் வராதவன் செய்வதைத்தான் நானும் செய்தேன். மறுநாள் காலையில் வந்து கம்பியை அறுத்தெடுக்கும்படி பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா வீட்டைக் கழுவிவிட்டாள். நான் கூடத்தில் நின்று பட்டறைக்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு கொல்லை வாசலில் ஏறினாள். முதல் அடி சரியாக வைத்தாள். இரண்டாவது அடியில் கால் தனியாக, ஆள் தனியாகப் போனாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி இருந்தது. துபாயில் இருந்தாலும் கூடத்தில் நின்றாலும் ஒன்றுதான், நான் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அம்மாவின் கை சுவர்ப்பக்கம் போயிற்று. கம்பியைப் பிடித்தது. கூட்டமான பஸ்ஸில் திருப்பத்தில் தொங்குகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நின்றாள்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒண்ணும் இல்ல. பெயின்ட் காஞ்சுருச்சான்னு பாத்தேன்."

காயவில்லை. இரண்டு உள்ளங்கையும் மஞ்சளாக இருந்தன. அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

வாசலில் பட்டறைக்காரர் சாமானோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால், சும்மா அந்தப் பக்கம் போகிறவர் மாதிரி, கண்டக்டர். "இன்னொரு கம்பி வேணும்ண்ணே, குழாயடி வரைக்கும்" என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன். கண்டக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கும் சேர்த்து அடுத்த மூன்று வாரமும் பேசினார். டீக்கடை, பள்ளிவாசல் வாசல், பஸ் ஸ்டாண்டு என்று ஓரிடம் பாக்கி இல்லை. அந்தக் கதையில் நாளுக்கு நாள் அம்மா இன்னும் வேகமாக விழுந்தாள், நான் இன்னும் முட்டாளானேன். நானும் லேசுப்பட்டவன் இல்லை. துபாய் போனதும், அம்மாவுக்குக் கம்பி வைத்தது என் யோசனை என்றுதான் ரூமில் கூட இருந்தவர்களிடம் சொன்னேன்.

அம்மா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். செருப்பு மட்டும் கடைசிவரை போடவில்லை. கம்பியைப் பிடிப்பதாகவும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது பார்ப்பேன், அவள் கை உயரத்தில் மஞ்சள் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரியும். ஒருமுறைகூட விழாமல், தன் கட்டிலில் போய்ச் சேர்ந்தாள்.

கண்டக்டரை மகள் சென்னைக்குக் கூட்டிப்போனாள். அங்கே அடுக்குமாடி லிஃப்டில் வயசானவர்கள் ஏறி இறங்கும்போதெல்லாம் விசில் ஊதி, புகார் வந்து, விசிலைப் பிடுங்கி வைத்துவிட்டார்களாம். அவர் இறந்த சேதி தாமதமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது எனக்கு அறுபத்து நாலு. ஊரோடு வந்துவிட்டேன், அம்மாவின் கட்டிலில்தான் படுக்கிறேன். காலையில் கண் விழித்ததும் எழுந்துவிடுவதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருக்கிறேன். இரண்டு விசில் வராது என்று தெரியும். இருந்தாலும் அவருக்கு ஒரு நிமிஷம் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.