வான நீலமா, காலை வான நீலமா?

பெயிண்டுக் கடை வாசலில் அப்படி ஒரு கூட்டம். வரிசை தெருமுனை திரும்பி, பல் ஆஸ்பத்திரி வாசலையும் அடைத்துக்கொண்டு நின்றது. பல்வலிக்காரர்கள்கூட வலியை மறந்து இதில் சேர்ந்துகொண்டார்கள்.

உள்ளே நிறச்சித்தர் அருள்பாலித்துக்கொண்டிருந்தார். போன வருஷம்வரை குடை ரிப்பேர் பார்த்தவர். திடீரென்று நிறங்கள் அவரோடு பேச ஆரம்பித்துவிட்டனவாம். கொத்தனாரின் தூக்குக்குண்டை நிற அட்டைமேல் தொங்கவிடுவார். குண்டு வட்டமாகச் சுற்றினால் யோகம், குறுக்கே ஆடினால் நாசம்.

வரிசையில் கணக்கு வாத்தியாரும் நின்றார். வழிமுறை எழுதாத விடைக்கு மதிப்பெண் போடாத மனிதர். பிறக்கப்போகும் குழந்தையின் அறைக்கு அவர் காலை வான நீலம் கேட்டார், மனைவி வான நீலம் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். அட்டைகளை மாற்றி வைத்தால் அவருக்கே எது எதுவென்று தெரியாது. சண்டை மட்டும் ஓயவில்லை.

குண்டு வான நீலத்தின்மேல் குறுக்கே ஆடியது.

"இதை அடிச்சா பொறக்கிற புள்ளைக்குப் பேச்சே வராது" என்றார் சித்தர்.

வாத்தியார் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடி, அடித்த சுவரைச் சுரண்டத் தொடங்கினார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி, வயிற்றைப் பிடித்தபடி.

"புள்ளை ஊமையாயிடுமாம்."

"யாரு சொன்னா?"

"குண்டு சொல்லிச்சு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு வெள்ளை அட்டைகளை எடுத்து, திறந்திருந்த வான நீல டப்பாவிலிருந்தே இரண்டிலும் பூசினாள்.

"ரெண்டும் ஒரே டப்பாவாச்சே?"

"பேசாம வாங்க."

கடை வாசலில் நிறைமாதக்காரி என்று கூட்டம் வழிவிட்டது. குண்டு ஓர் அட்டைமேல் அழகாகச் சுற்றியது, மற்றதன்மேல் குறுக்கே பாய்ந்தது.

"இது ஊமைத் தோஷம். அது பேச்சாளர் யோகம், புள்ளை மேடை ஏறும்."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, இதுல எது எந்த டப்பா?"

வாத்தியார் வரிசையைப் பார்த்தார். சுற்றிலும் அவரிடம் படித்தவர்கள். ஆனாலும் சொல்லிவிட்டார். "ரெண்டும் ஒரே டப்பாதான். நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"எனக்கும் காலை வான நீலம்தானே நல்லதுன்னாரு?" என்றாள் வரிசையில் ஒருத்தி. "எனக்கும்." "எங்க வீட்டுக்கும்." விற்காத காலை வான நீலம் கூரை முட்ட அடுக்கிக் கிடந்த கிடங்கின் கதவை, கடைக்காரர் மெல்லச் சாத்தினார்.

சித்தர் விடவில்லை. "கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்றேன், பாக்கறீங்களா?"

கட்டினார்கள். அட்டைகளை எடுத்துவிட்டு, கடைக்காரரின் வழுக்கைத் தலையை அந்த இடத்தில் பிடித்து அமுக்கினார்கள். குண்டு குறுக்கே ஆடியது.

"பெரிய பீடை. இதை வீட்டுக்குள்ள சேர்க்காதீங்க" என்றார் சித்தர். அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

சிரிப்பு அடங்கியதும் வாத்தியார் மனைவி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "எந்த நீலம் பிடிச்சிருக்குன்னு பாக்க கண்ணு போதும். அதுக்கு மேல, நெத்திக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. அதையும் எப்பவாவது வேலைக்கு விடுங்க, சும்மா வச்சிருந்தா எவனாவது குண்டு ஆட்டிக்கிட்டு வருவான்."