தொழுவக் கூரையைத் தொட விடாத ஓவியர்கள்

ஹாரோகோவ், கனெக்டிகட்
ஆகஸ்ட் 1908

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஒபதியா அவர்களுக்கு,

எல்நாத்தான் பெக் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் தங்கை லுக்ரீஷியாவும் இரண்டு பசுக்களும் சுகம். தொழுவம்தான் சுகமில்லை. கூரை நடுவில் தொய்ந்து, பரணில் அடுக்கிய புல்லுக்கு நேர் மேலே வானம் தெரிகிறது. ஒரு பெருமழை போதும், புல் அழுகிவிடும். அப்புறம் பனிக்காலம் முழுக்கப் பசுக்கள் என் தொப்பியைத்தான் தின்ன வேண்டும். கூரை வேய்வதில் பெயரெடுத்தவர் நீங்கள். சனிக்கிழமைக்குள் மர ஓடுகளோடு வந்து சேர வேண்டுகிறேன்.

நீயே வேய்ந்துகொள்ள என்ன கேடு என்பீர்கள். கேடு கோடையோடு வந்தது. மாடி அறைகளை நியூயார்க் ஓவியர்களுக்கு விடலாம் என்றது உங்கள் தங்கையின் வாய். ஆடியது என் தலை. என் அப்பா காலத்து ஓவியர்கள் மலையையும் அருவியையும் தேடிப் போய் இலை இலையாக எண்ணி வரைந்தார்கள், உழவனுக்குத் தொல்லையில்லை. இவர்களோ பிரான்சுக்குப் போய் வெயிலை வரையக் கற்றவர்கள். அந்த வெயில் விழ ஓர் இடிந்த கட்டடம் வேண்டுமாம். என்னிடம் அது தாராளமாக இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் இவர்கள் வெயிலுக்கு நட்ட வெள்ளைக் குடைகள் காளான் மாதிரி முளைத்துவிட்டன, மச்சான். சாப்பாட்டு மேசையில் நிழல் பழுப்பு என்று ஒருவர், ஊதா என்று இன்னொருவர் கட்டிப் புரள, நடுவில் அவரைக்கொட்டை ஆறுகிறது. உங்கள் தங்கை ஊதாக் கட்சியில் சேர்ந்துவிட்டாள். இத்தனை வருடம் என் நிழலைப் பார்த்தவள்!

நேற்று தெற்கே மேகம் கறுத்தது. ஏணி சார்த்தி ஏறி, ஒரு பழைய ஓட்டைப் பெயர்த்தேனோ இல்லையோ, ஊதாக் கட்சித் தலைவர் திரு. விண்ட்ரம் தூரிகையோடு ஓடி வந்தார்.

"ஐயய்யோ பெக், அந்தப் பாசியத் தொடாதீங்க! அதுக்காகத்தானே கோடை பூரா உக்காந்திருக்கேன்!"

"பாசிக்குக் கீழ என் புல்லு இருக்கு சார்!"

"புல்லு அடுத்த வருஷமும் முளைக்கும். இந்த வளைவு முளைக்குமா?"

அவருடைய மாணவி மிஸ் டெலஃபீல்ட் அழுதேவிட்டாள். "கூரை கூன் போட்டிருக்கறதே என்ன அழகு! அதப் போயி நிமித்தப் பாக்குறாரே!" என் கூனுக்காக இதுவரை ஒருவரும் அழுததில்லை.

"லுக்ரீஷியா, நீயாவது சொல்லேன்!" என்றேன். அவள் ஏணியை எடுத்துவிட்டாள்.

"வெளிச்சம் போற வரைக்கும் அங்கயே ஆடாம இருங்க. அவருக்கு வேலை கெடுது."

"மழை வந்தா?"

"நனைவீங்க. என்ன, உப்பா கரைஞ்சு போக?"

பொழுது சாயும்வரை கூரை உச்சியில் குந்தியிருந்தேன். சதுப்புநிலக் கொசுக்கள் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தன. வழியே போன கொல்லன் சைலஸ் வண்டியை நிறுத்தி, "என்ன பெக், கூரை மேல காத்துக்குத் திரும்புற தகரச் சேவலு கழண்டு விழுந்துடுச்சா? நீ ஏறி நிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனான். இந்நேரம் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

மழை நேற்றுத் தப்பியது. இன்று தப்பாது போலிருக்கிறது. லுக்ரீஷியா பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். வந்து ஓர் அதட்டுப் போட்டு என் தொழுவத்தைக் காப்பாற்றுங்கள். தங்கள் வீட்டில் ஒரு குறையும் வராமல், முக்கியமாகக் கூரையில் வராமல், ஆண்டவர் காக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
எல்நாத்தான் பெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது விண்ட்ரம் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். கிட்டப் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். எட்டி நின்றால், மச்சான், அச்சாக என் தொழுவம்! உச்சியில் சிவப்பாக ஒரு தீற்று. "இது என்ன சார்?" என்றேன். "நீங்கதான் பெக். நீங்க இல்லேன்னா படமே இல்ல" என்றார். பனிக்காலத்தில் நியூயார்க்கில் கண்காட்சியாம். சைலஸ் எந்தப் படத்திலும் இல்லை, விசாரித்துவிட்டேன். படம் முடியும்வரை தினமும் மாலை நான் மேலே ஏற வேண்டும். நிறம் போய்விடும் என்று, நேற்றுப் போட்டிருந்த என் சிவப்புச் சட்டையை உங்கள் தங்கையைத் துவைக்க விடவில்லை. ஆகவே ஓடு கொண்டுவர வேண்டாம், யாரையும் அதட்டவும் வேண்டாம். மழை பிடித்துவிட்டது. புல்லை எல்லாம் நீங்கள் வந்தால் படுக்கும் அறையில் அடைத்துவிட்டோம். தொழுவத்தில் உங்களுக்குப் படுக்கை போட்டிருக்கிறது. குடை கொண்டு வாருங்கள்.