கோலத்தைப் பள்ளம் என்ற கண்ணாடி

இன்ஜினியரிங் முடித்தவுடன் ஊருக்கே கண் கொடுக்கலாம் என்று ஒரு நினைப்பு வரும். எனக்கு அது கொஞ்சம் முற்றிப்போய் வந்தது.

சர்க்கரை நோயில் பார்வை போன என் சித்தப்பாவுக்கு ஒரே ஆசை. "இந்த மார்கழியிலயாவது யார் கையையும் பிடிக்காம பெருமாளைச் சேவிச்சுட்டு வரணும்டா." விடுவேனா? எதிரே இருப்பதைப் பார்த்துச் சொல்லும் கேமராக் கண்ணாடி ஒன்று செய்தேன். இணையத்தில் கிடைத்த வெளிநாட்டுச் சாலைப் படங்களாகக் காட்டிப் பழக்கினேன். (அங்கே யார் வாசலில் கோலம் போடுகிறார்கள்? அந்த யோசனை வந்திருந்தால் இதை ஏன் எழுதப்போகிறேன்!)

ஸ்ரீரங்கத்தில் விடிந்தும் விடியாத காலை. சித்தப்பா கைத்தடியை எடுத்தார்.

"அது எதுக்கு இனிமே?" என்றேன்.

"இருக்கட்டும்டா. இதுக்கு சார்ஜ் போட வேணாம்."

நான் அவருக்கு முன்னால், பின்பக்கமாக நடந்தபடியே செல்போனில் வீடியோ எடுத்தேன். சரித்திரமாயிற்றே!

முதல் வாசலிலேயே கண்ணாடி அலறியது. "நில்லுங்கள்! பள்ளம்!" சித்தப்பா தடியால் தட்டிப் பார்த்தார். கெட்டித் தரை. அடுத்த வாசலிலும் பள்ளம். அதற்கடுத்ததிலும். மார்கழியில் எங்கள் ஊரில் தெருவை அடைத்துக் கோலம் போடுவார்கள். என் கண்ணாடிக்கு அத்தனையும் பள்ளம். தெருவே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை வேறு பெரிதாக வைத்துத் தொலைத்திருந்தேன்.

கோலப்பொடிக் கையோடு ஒரு பெண் நிமிர்ந்தாள். "என்னங்க, இடுப்பொடிய நான் போட்ட கோலம் உங்களுக்குப் பள்ளமா?"

"நான் சொல்லலைங்க... மிஷின்..."

"மிஷினைச் செஞ்சது யாரு?"

வீடியோவை நிறுத்தாமலே பின்னால் நகர்ந்தேன்.

"பாதை சீராக உள்ளது" என்றது கண்ணாடி, அன்று முதல் முறையாக.

அடுத்த நொடி, எனக்குப் பின்னால் குழாய் பதிக்க வெட்டியிருந்த குழிக்குள் இடுப்பளவு சேற்றில் நின்றேன். சித்தப்பாவின் தடி விளிம்பைத் தொட்டு நின்றது.

"இதுதாண்டா பள்ளம்" என்றார். கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "நீயே போட்டுக்கோ."

தடியைத் தட்டிக்கொண்டு தனியாகவே கோயிலுக்குப் போனார். எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து அழுகை வந்தது. நான்தான் சுளுக்கிய காலோடு, குழியிலிருந்து தூக்கிவிட்ட அந்தப் பெண்ணின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். சித்தப்பா பொங்கல் பிரசாதத்தோடு வந்தார்.

மறுவருடம் அவரே பேசி அந்தப் பெண்ணை எனக்கு முடித்துவைத்தார். இன்றும் தினம் காலையில் வாசலிலிருந்து அவள் குரல் கொடுப்பாள்: "பள்ளம் போட்டாச்சு, பார்த்து இறங்குங்க!"

உள்ளேயிருந்து சித்தப்பா கேட்பார்: "இன்னிக்கு எவ்வளவு ஆழம்மா?"