அவசரப் பிரிவு வாசலுக்கு வந்த அன்னாசிப் பெட்டி

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை ஹோக்-செங் அவர்களுக்கு, தைனானிலிருந்து உங்கள் மைத்துனன் ஆ-டூ சொல்லிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். அங்கே நீங்கள், என் தங்கச்சி, தோட்டம், நாய் எல்லாரும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல நர்ஸ் யுன்-ஜூ எழுதுகிறாள். எனக்கு எழுத்துதான் வராது, மறதியும் வராது. உங்கள் கல்யாண விருந்தில் எட்டாம் மேசைக்கு மீன் வராமல் போனதுகூட நினைவிருக்கிறது. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

விஷயம் என்னவென்றால், இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அன்னாசி அனுப்பாதீர்கள். கோபப்படாமல் கேளுங்கள். இங்கே பெரிய டாக்டரிலிருந்து சக்கர நாற்காலி தள்ளும் நான்வரை எல்லாரும் கம்ப்யூட்டரில் ஒரு பாடம் படித்து பாஸ் பண்ணணும், நோயாளிக்கு ஆபத்து வந்தாலோ, வர இருந்து தப்பினாலோ எப்படித் தெரிவிப்பது என்று, வெள்ளிக்கிழமைக்குள் பண்ணாவிட்டால் அடுத்த வருஷம் வேலை கிடையாது, உங்கள் தோட்டத்துக்கு வந்து அன்னாசி எடை போட வேண்டியதுதான். உங்கள் வீட்டுச் சாப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் தங்கச்சி பேச ஆரம்பித்தால் தப்பித்துப் போக அங்கே வாசல் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் அவள்தான் உட்கார்ந்திருப்பாள்.

திரையில் ஒரு பொண்ணு வந்து வாசிக்கும். நல்ல பொண்ணு, எத்தனை தடவை கேட்டாலும் சலிச்சுக்காது. "ஒண்ணும் நடக்கலேன்னாலும் நடக்க இருந்துச்சுன்னா சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க"ன்னு சொல்லிச்சு. கடைசியில் சொந்தமா ஒரு சம்பவம் சொன்னால்தான் பாஸ். என்னத்தைச் சொல்லன்னு முழிச்சிட்டிருக்கும்போதுதான் உங்கள் பெட்டி அவசரப் பிரிவு வாசலில் வந்து இறங்குச்சு. நம்ம பேச்சில் அன்னாசியை ஓங்லாய்னு சொன்னாலே 'பெருகி வா'ன்னு கூப்பிட்ட மாதிரி. கடை வாசலில் தொங்கவிட்டால் யாவாரம் பெருகும், சரி. அவசரப் பிரிவில் வெச்சால் யார் பெருகி வருவார்கள், யோசிச்சீங்களா? பெட்டியைப் பார்த்ததும் யுன்-ஜூ கையிலிருந்த டீயை என் செருப்பிலேயே கொட்டிட்டாள். இதை எழுத மாட்டேன்கிறாள். எழுதும்மா.

நான் மைக்கில் சொன்னேன்: "அன்னாசி, ஒரு பெட்டி, அனுப்பினது என் தங்கச்சி புருஷன், குத்தம் அவர்மேல." பயிற்சிக்கான பொத்தானுக்குப் பதிலா நிஜப் பொத்தானை அமுக்கிட்டேன். கொஞ்ச நேரத்தில் பாதுகாப்புப் பிரிவுத் தலைவி பாங் அம்மா ஓடி வந்தாள். சிரிப்பாள்னு பார்த்தேன்.

"பெரியப்பா, முழுசா, வெட்டினதா?"

"முழுசும்மா. பெட்டியே பிரிக்கல."

"வாசனை உள்ள வந்துச்சா?"

"லேசா."

"யாராச்சும் பழத்தோட பேரைச் சொன்னீங்களா?"

யுன்-ஜூ கையைத் தூக்கினாள். "நான்தான். பயத்துல வாய் தவறி வந்துருச்சு."

"அப்போ நோயாளியை எட்டல. தப்பிச்ச வகை" என்று பாங் அம்மா குறித்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஆனா நீங்க ஃபெயில்" என்றாள்.

"ஏம்மா?"

"மச்சான் மேல பழி போட்டிருக்கீங்க. பாடத்துல என்ன கேட்டீங்க? ஆளைத் தேடாதீங்க, ஏற்பாட்டுல ஓட்டை எங்கன்னு தேடுங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை. வந்து திருப்பிச் சொல்லுங்க."

யோசிச்சுப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். பார்சல் வண்டி நிறுத்த எங்களுக்கு வேற வாசலே இல்லை, அதுதான் ஓட்டை. அப்போதுதான் எட்டாம் மேசையும் விளங்கிச்சு. பந்தலில் அந்த மேசை மின்கம்பத்துக்குப் பின்னாடி இருந்தது, பரிமாறினவன் கண்ணில் படவில்லை. அதுவும் உங்கள் தப்பில்லை. இத்தனை வருஷமா வெச்சிருந்த கோபத்தை இந்தக் கடிதத்தோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை காலையில் வாசலோடு மின்கம்பத்தையும் சேர்த்துச் சொன்னேன். பாஸ் போட்டுட்டாங்க.

ஆகவே அன்னாசி வேண்டாம். தங்கச்சிக்கு என் ஆசிகள். அவள் தொண்டையும் உங்கள் காதும் நீடூழி வாழட்டும், தோட்டத்துப் பக்கம் புயல் தலைவைத்துப் படுக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆ-டூ (கைரேகை)

பி.கு.: ரேகை பிசுபிசுவென்று இருக்கும். அது மை இல்லை, மிச்சமிருந்த அன்னாசியின் சாறு. நேற்று வேலை முடிந்ததும் பெட்டியை வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து வெட்டினோம், ரொம்பத் தின்றது பாங் அம்மாதான். பழம் தேன். இன்றைக்கு முழுக்க அவசரப் பிரிவுக்கு வந்தது தொண்டையில் மீன்முள் சிக்கின ஒரே ஒரு ஆள். அடுத்த வாரமும் ஒரு பெட்டி அனுப்புங்கள், அதே வாசலுக்கு. மேலே மட்டும் பப்பாளி என்று எழுதிவிடச் சொல்கிறாள் பாங் அம்மா.