பூச்சி சாரின் முதல் பதிவு

பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் காரியமே முடிந்துவிட்டது என்று நம்பும் ஒரு மனித வகை உண்டு. கூரை ஒழுகினால் நாமெல்லாம் வாளியைத் தேடி ஓடுவோம். இவர்கள் ஜன்னலுக்கு ஓடி, பெய்வது எந்த வகை மேகம் என்று பார்ப்பார்கள். படியில் உருண்டு விழுந்தவர் வலியில் கதறும்போது, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிசகியது எந்தத் தசைநார் என்று விளக்குவார்கள். தூக்கிவிட மாட்டார்களா? விடுவார்கள். விளக்கம் முடிய வேண்டாமா?

இந்த வகையின் நல்ல மாதிரி ஒன்று எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் வசிக்கிறது. நில அளவைத் துறையில் முப்பது வருடம் நிலத்தை அளந்து ஓய்வு பெற்றவர். அந்துப்பூச்சி ஆராய்ச்சியில் இறங்கியதிலிருந்து குடியிருப்பு முழுக்க அவர் பூச்சி சார். கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி, சட்டைப்பையில் ஸ்கேல், கைப்பேசியில் பன்னிரண்டு நிபுணர்கள் அடங்கிய ஒரு குழு. அந்தப் பன்னிரண்டு பேரும் எதிலாவது ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை.

அவருக்கு ஒரே ஆசை. இந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஓர் இனத்தை முதலில் பார்த்தவர் என்று பட்டியலில் தன் பெயர் வர வேண்டும். காடு மேடெல்லாம் அலைந்தும் கிடைக்காதது, ஒருநாள் படுக்கையறை அலமாரியைத் திறந்தபோது, மனைவியின் கறுப்புக் கம்பளிக் கோட்டிலிருந்து படபடத்துக் கிளம்பியது. ஓர் அரிசி நீளம்தான் இருக்கும். இறக்கையில் மூன்று மங்கலான புள்ளிகள். பூச்சி சாருக்கு மூச்சே நின்றுவிட்டது.

அந்தக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, நாற்பத்தேழு வயதில் மாலை வகுப்பில் சட்டம் படித்துத் தேறியவர் அந்த அம்மாள். முதல் வழக்குக்கு இன்னும் மூன்று வாரம். அதற்காகவே அளவு கொடுத்துத் தைத்த கோட்டு. பூச்சியைக் கண்டதுமே எல்லாவற்றையும் எடுத்து உதறி வெயிலில் போடக் கிளம்பினார். பூச்சி சார் குறுக்கே நின்று அலமாரியைப் பூட்டினார். இனம் தெரியும்வரை எதையும் கலைக்கக் கூடாதாம்; கலைத்தால் அதன் பழக்கவழக்கம் மாறிவிடுமாம்.

"கோட்டைத் தின்னுடும்ங்க இது."

"இதுக்கு வாயே வேலை செய்யாதும்மா. வளர்ந்த பூச்சி எதையும் தின்னாது."

உண்மைதான். தின்பது அதன் புழு. அந்த விவரத்துக்கு வருவதற்குள் குழுவில் சண்டை மூண்டுவிட்டது. புள்ளி மூன்று என்று ஆறு பேர், இரண்டு என்று ஐந்து பேர், படமே தெளிவில்லை என்று ஒருவர். அம்மாள் தினமும் சாவியைக் கேட்டார். தினமும் பதில், நாளைக்கு.

வழக்கு நாள் காலையில் அம்மாள் எதுவும் கேட்கவில்லை, கையை நீட்டினார். சாவி வந்தது. கோட்டின் இடது மார்பில், நீதிபதியின் கண் முதலில் விழுகிற இடத்தில், நான்கு ஓட்டை. ஓரத்தில் கறுப்பு இழைகளால் பின்னிய ஒரு சின்னக் கூடு. அதற்குள்ளிருந்து ஒரு புழு தலையை நீட்டியது. அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே மூன்று வருடம் படித்தவருக்கு வராமல் என்ன செய்யும்?

பூச்சி சாருக்கும் கண் கலங்கியது, சந்தோஷத்தில். தின்ற துணியிலேயே கூடு கட்டிச் சுமந்து திரிகிற இனம். இனி அந்த ஐந்து பேர் வாயைத் திறக்க முடியாது. மனைவியின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"இன்னைக்கு மட்டும் இதைப் போடாதேம்மா. இதுதான் ஆதாரம்."

"ஆதாரம்னா கோர்ட்டுக்குத்தானே போகணும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டை மாட்டினார் அம்மாள். வழக்குக் கட்டை ஓட்டையின்மேல் அணைத்தபடி படியிறங்கினார். பின்னாலேயே செருப்புக்கூடப் போடாமல் கணவர் ஓடிவரும் சத்தம் கேட்டது. வாழ்த்துச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, பாவம், நின்று திரும்பினார்.

"மெதுவா இறங்கு. புழு விழுந்துடப் போகுது."

சரி, இவ்வளவும் படித்தீர்களே, இப்போது என்ன கேட்கப்போகிறீர்கள்? வழக்கு என்னாயிற்று என்றா? நீங்கள் தப்பித்தீர்கள். அது என்ன பூச்சி, அதன் சரியான பெயர் என்ன என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டதா? அப்படியென்றால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் ஓட்டையை மறைத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருப்பார்.