துட்டி அண்ணாச்சி ஊதிய சங்கு

தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், எமனுக்கு அடுத்தபடியாக அங்கே போய்ச் சேருகிறவர் துட்டி அண்ணாச்சிதான். சில வீடுகளில் எமன்தான் பிந்தி வந்திருக்கிறான்.

துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பது. அண்ணாச்சிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அவர் வேலை பார்த்த சங்குக் கிட்டங்கியின் முதலாளிக்கே அது மறந்துபோயிருந்தது. கடலில் மூழ்கி எடுத்த சங்குகளை ரகம் பிரித்து, வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்கு அனுப்புகிற கிட்டங்கி அது. வேலை நடுவில் எங்காவது கொட்டுச் சத்தம் கேட்டால் போதும், அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். அவருடைய தகப்பனார் தவறியபோது முதல் ஆளாக வந்து பந்தல்கால் நட்டவர் அண்ணாச்சிதான்.

ஜாதி மதமெல்லாம் அவருக்குக் கிடையாது, சாவு ஒன்று இருந்தால் சரி. மாதா கோயில் தெருவில் எல்லாரும் முழங்காலிடும்போது இவர் நின்றுகொண்டிருப்பார். எல்லாரும் எழுந்த பிறகு இவர் முழங்காலிடுவார். காயல்பட்டினத்தில் மையத்து எடுத்தால் அங்கேயும் போய்த் தோள் கொடுப்பார். கீழவைப்பாரில் ஒரு பெரியவர் இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒருமுறை கொஞ்சம் அவசரப்பட்டுப் போய்விட்டார். வாசலில் இவர் தலையைக் கண்டதும் பெரியவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாராம்.

"எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க கெளம்புங்க."

"சரி, பெறவு வாரேன்" என்று சொல்லிவிட்டு இவரும் வந்துவிட்டார்.

துட்டிக்குப் போய்விட்டு வந்து தலைமுழுகியதும் அவருக்கு ஒரு மக்ரூன் வேண்டும். முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்கிற அந்தத் தித்திப்பை எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் போட்டுக் கரைய விடுவார்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கரைய விடுவார். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அக்கா கொடுக்கிற கருப்பட்டிக் காப்பியை அதற்கு மேல் குடித்துவிட்டு, அன்றைக்குச் செத்தவரின் நல்ல குணங்களைச் சொல்ல ஆரம்பிப்பார். எங்கள் ஊரில் எவ்வளவு நல்லவர்கள் இருந்தார்கள் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோது அவர்களில் பாதிப் பேருடன் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

நான் அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. அண்ணாச்சிக்கு எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, ஒருத்தர் சாவையும் விட மாட்டேங்கிறீங்களே?"

அவர் சிரிக்கவில்லை. "நான் ஒத்தைக்கட்டைல்லா தம்பி. பொண்டாட்டியும் போயிட்டா, புள்ளையும் கெடையாது. ஆளில்லாப் பொணத்த முனிசிபாலிட்டி வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போனத ஒருநா பாத்தேன். அதுலேர்ந்து ஒறக்கம் புடிக்க மாட்டங்கு. நாம போனாத்தான நமக்கும் வருவாவ."

அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்வதை நான் குறைத்துக்கொண்டேன். விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய்.

அப்புறம் யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் கடற்கரை ஊர்களில் குண்டு போடப் போகிறான் என்று யாரோ கிளப்பிவிட, பாதி ஊர் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கடலை விட்டு உள்ளே தள்ளி ஓடியது. சாத்தான்குளம், நாசரேத்து என்று யாருக்கு எங்கே சொந்தம் இருந்ததோ அங்கே போனார்கள். சாயங்காலம் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போனால் காற்று மட்டும்தான் இருந்தது. மக்ரூன் கடையில் பாதி நாள் கதவு சாத்தியிருந்தது.

இதில் நிஜமாகவே இடிந்துபோனவர் துட்டி அண்ணாச்சி. குண்டைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

"நான் துட்டிக்குப் போன வீட்டுக்காரன் பூராவும் ஊரக் காலி பண்ணிட்டுப் போயிட்டான் தம்பி. இப்ப நான் மண்டையப் போட்டா எவன் வருவான்?"

வாழ்நாளெல்லாம் பாடுபட்டுச் சேர்த்ததை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களே என்கிற முகம் அவருக்கு. பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஏ.ஆர்.பி. என்று விமானத் தாக்குதலிலிருந்து ஊரைக் காப்பாற்ற ஒரு தொண்டர் படை சேர்த்தார்கள். எங்கள் தெருவுக்கு அண்ணாச்சியைப் போட்டார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் அவரைவிட யாருக்குத் தெரியும்? கையில் ஒரு பட்டை, தலையில் ஒரு தகரத் தொப்பி, கழுத்தில் ஒரு விசில். விசிலை ஊதிப் பார்த்தார். போலீஸ் வந்துவிட்டது என்று சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள், மற்றவர்கள் அசையவில்லை. அதனால் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு, கிட்டங்கியிலிருந்து நல்ல கனமான சங்கு ஒன்றை வாங்கி வந்தார்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "சங்குச் சத்தம் கேட்டா வெளக்க அணைச்சிட்டு உள்ள போயிரணும். ஒரு குஞ்சு தெருவுல நிக்கப்படாது, கேட்டியளா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் சங்கு என்று சொன்னால் பஞ்சாலையில் ஊதுகிற சங்குதான். ஊரே அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும், அதைக் கேட்டுத்தான் உலை வைக்கும். அண்ணாச்சி கையில் இருக்கிற சங்கைச் சொல்கிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவர் வாயால் ஊதுகிற சங்குச் சத்தம் தெருவில் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அது அண்ணாச்சிக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

ஒத்திகை நாள் வந்தது. விளக்கு வைக்கிற நேரம். மேலதிகாரி ஒருவர் சைக்கிளில் வந்து தெருமுனையில் நின்றார். தெருவில் யாரும் நிற்கக் கூடாது என்கிற சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, அண்ணாச்சி தம் வீட்டுக்குள்ளேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சங்கை ஊதினார். நீளமாக, உருக்கமாக ஊதினார்.

அவ்வளவுதான். முதலில் செல்லக்கனி அக்காவின் குரல் கேட்டது.

"ஐயோ, என் கூடப் பொறக்காத பொறப்பே, போயிட்டியளா..."

அக்கா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். பின்னாலேயே தெருப் பெண்கள் அத்தனை பேரும் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். அணைக்க வேண்டிய விளக்குகளெல்லாம் ஆட்கள் கையில் ஏறி வெளியே வந்தன. தீபாவளிக்குக்கூட எங்கள் தெரு அவ்வளவு வெளிச்சமாக இருந்ததில்லை. கோடி வீட்டு மிக்கேல், தோணி ஓட்டுகிறவர், பாடை கட்ட மூங்கிலோடு வந்துவிட்டார். உள்ளே இருந்த அண்ணாச்சி அழுகைச் சத்தத்தைக் கேட்டு, நிஜமாகவே குண்டு விழுந்துவிட்டது என்று பயந்து இன்னும் பலமாக ஊதினார். வெளியே இன்னும் பலமாக அழுதார்கள். நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். என் கண்ணிலும் தண்ணீர்.

கதவு திறந்தது. தகரத் தொப்பியோடு பிணம் வெளியே வந்தது.

மேலதிகாரி சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தார். "என்னய்யா இது? நிஜமா குண்டு போட்டிருந்தா தெருவே போயிருக்குமே. நீர் வேலைக்கு லாயக்கில்லை. பட்டையைக் கழற்றும்."

அண்ணாச்சி பட்டையைக் கழற்றிக் கொடுத்தார். ஆனால் அவர் அதிகாரியைப் பார்க்கவே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா செல்லக்கனி, எனக்காளா அழுத?"

"பின்ன யாருக்காம்?" என்று அக்கா மூக்கைச் சிந்தினாள். "உசிரோட இருந்துக்கிட்டு இப்பிடியா அழ வைப்பாவ? நெஞ்சு வலிக்கி."

"மிக்கேலு, நீ மூங்கிலே கொண்டாந்திட்டியே."

"நல்ல மூங்கிலு அண்ணாச்சி" என்றார் மிக்கேல்.

அண்ணாச்சி வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். அந்த மாதிரி சந்தோஷமாக அழுத ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

செய்தி அதோடு நிற்கவில்லை. துட்டி அண்ணாச்சி போய்விட்டார் என்பது சாத்தான்குளம், நாசரேத்து வரைக்கும் எட்டிவிட்டது. போகவில்லை என்பது எட்டவில்லை. மறுநாள் காலையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். குண்டுக்குப் பயந்து ஓடினவர்கள் அண்ணாச்சிக்காகத் திரும்பி வந்தார்கள். அவரே வாசலில் நின்று வரவேற்றார்.

"வாங்க, உள்ள வாங்க. நாந்தான். சொகமா இருக்கேன். இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போவலாம்."

அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அழாமல் திரும்பிப் போக மனசில்லை. சிலர் கொஞ்சமாக அழுதுவிட்டுத்தான் காப்பி குடித்தார்கள். வந்த இடத்தில் தத்தம் வீட்டைத் திறந்து பார்த்து, பெருக்கி, அடுப்பு மூட்டி, அப்படியே தங்கிவிட்டவர்களும் உண்டு. அந்த வாரம் மக்ரூன் கடை தினமும் திறந்திருந்தது.

இனிமேல் துட்டிக்குப் போவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். மறுவாரமே துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்.

"இன்னும் எதுக்கு அண்ணாச்சி? அதான் எல்லாரும் வருவாங்கன்னு தெரிஞ்சு போச்சே."

"இம்புட்டு நாளும் எனக்காவப் போனேன். இனிமேத்தான் செத்தவனுக்காவப் போணும்" என்றார்.

யுத்தம் முடிந்து, சுதந்திரம் வந்து சில மாதங்கள் கழித்து அவர் தூக்கத்திலேயே போனார். அன்றைக்கு ஊரே வந்தது. ஆளுக்குக் கொஞ்ச தூரம் தூக்கட்டும் என்று தெருவுக்குத் தெரு தோள் மாற்றினார்கள். என்னிடமும் வந்து தோள் மாற்றக் கேட்டார்கள். நான் மட்டும் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.