பொயின்ற் காட் ராஜினியின் உத்தியோகபூர்வ வளர்ச்சி

ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை அதன் தாய் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். ஆனால் அது உத்தியோகபூர்வமான தகவல் ஆகாது. உத்தியோகபூர்வமாக ஒரு பிள்ளை வளர வேண்டுமென்றால் அதற்குக் குழு வேண்டும், குழுவுக்குத் தலைவர் வேண்டும், தலைவருக்குக் கதிரை வேண்டும். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அக்கராயனில் இருந்த எங்கள் கல்லூரிக்கு இவை மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கதிரை மட்டும் அயல் வீட்டில் இரவல் வாங்கியது.

தலைவரின் பெயர் கதிர்காமநாதன். உடற்கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளில் கரும்புகை சூழ வந்து இறங்கினார். அதற்கு முன்னர் விவசாயப் பகுதியில் இருந்தவர். நெற்பயிரின் வளர்ச்சியை அடிமட்டம் வைத்து அளந்து நற்பெயர் எடுத்தவர். கூடைப்பந்தாட்டம் அவருக்குப் புதிது. ஆனால் அளப்பது புதிதல்ல. நான் அந்தக் கல்லூரியில் கணிதம் படிப்பிக்கிறவன். கழித்தல் தெரியும் என்ற தகுதியில் என்னையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

அளக்கப்பட இருந்தவள் ராஜினி. ராக்காயியின் இளைய மகள். ராக்காயியின் பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். ராஜினி எங்கள் அணியின் பொயின்ற் காட். அதாவது, ஐந்து பேரில் பந்தைக் கொண்டுபோய், யார் தடுப்பாரின்றி வெளியாக நிற்கிறார்கள் என்று பார்த்து, அவரிடம் சேர்ப்பிக்கிறவள். வண்டில் சக்கரத்து இரும்பை வளைத்து மரத்தில் அடித்த எங்கள் கூடைக்குள் மற்றப் பிள்ளைகள் பந்து போட்டார்கள் என்றால், அது அவள் அவர்களைக் கண்டுபிடித்ததால்தான். பள்ளித் தவணையின் தொடக்க மதிப்பீட்டிலிருந்து முடிவு மதிப்பீட்டுக்குக் கூட வளர்ந்து வலய அணிக்குத் தெரிவாகிறவர்கள் வவுனியாவுக்குப் போய் விளையாடலாம். போர்க்காலப் பாதையைத் தாண்ட இயக்கம் தரும் இந்தப் பக்கப் பாசும் இராணுவம் தரும் அந்தப் பக்கப் பாசும் திணைக்களமே எடுத்துக் கொடுக்கும்.

ராஜினிக்கு வெற்றிக் கிண்ணத்தில் பெரிய ஆசை இருந்ததாக நான் அறியேன். அவளுடைய அக்கா பிரேமிளா, மாமியின் வைத்தியத்துக்குத் துணையாக வவுனியா போனவள். போன இடத்தில் பாதை பூட்டுப்பட்டு, மாமியும் செத்துப்போக, அகதி முகாமுக்குள் அகப்பட்டுக் கிடந்தாள். தாயும் தங்கையும் அவளைக் கண்டு இரண்டு வருசம்.

முதலாவது மதிப்பீட்டில் ராஜினி தன்னிடமிருந்த எல்லாவற்றையும் விளையாடிக் காட்டினாள். முடிந்ததும் தலைவர் அவளைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, பந்து உம்மட கையுக்கு வந்த உடன ஏன் மற்ற ஆளிட்டக் குடுக்கிறீர்?”

“அவள் வெளியா நிண்டவள், சேர்.”

“உம்மை நம்பித் தந்த பந்து. உடன மற்ற ஆளின்ர தலையில கட்டுறது பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற வேலையெல்லே?”

தலைவரின் மேசைக்கு வரும் எந்தக் கோப்பும் அன்றே அடுத்த மேசைக்குப் போய்விடும் என்பது இவ்விடத்தில் பொருத்தமற்ற விடயம். ஆயினும் அவர் நியாயவான். எண்பத்தெட்டுப் புள்ளி போட்டார்.

ஒரு தவணை கழிந்தது. அந்தத் தவணை முழுக்கப் பயிற்றுநர் ஏரம்பு மாஸ்டர் அவளோடு நின்றார். இரண்டாவது மதிப்பீட்டிலும் எண்பத்தெட்டு. தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் கழித்தேன்.

“பூச்சியம், சேர்.”

“ஒரு தவணை. வளர்ச்சி பூச்சியம்.” தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏரம்பு மாஸ்டர், இது நெல்லெண்டால் நான் உழுது பிரட்டச் சொல்லியிருப்பன்.”

“சேர், அவள் முதலே நல்லா விளையாடுறவள். இந்த வலயத்தில இவளைப் போல ஒரு பிள்ளை இல்லை.”

“அது அவவின்ர விசயம். வளர்ச்சி உம்மட விசயம். அதைக் காட்டும்.”

ஏரம்பு மாஸ்டரால் காட்ட முடியவில்லை. அவர் நாயாற்றுக்கு மாற்றப்பட்டார். பொயின்ற் காட்டாக நேசமலர் தெரிவானாள். பந்து வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளை. நாலிலிருந்து முப்பதுக்கு வளர்ந்திருந்தாள்.

“எனக்கு விளையாடத் தெரியாது, சேர். ராஜினியை அனுப்புங்கோ” என்று நேசமலர் அழுதாள். தன்னடக்கத்துக்காக மேலும் இரண்டு புள்ளிகள் கொடுக்கப்பட்டன.

வவுனியாவில் நேசமலர் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டு அவர்களிடமே மன்னிப்பும் கேட்டதாக அறிந்தோம். திரும்பி வந்தவள் நேரே ராஜினி வீட்டுக்குத்தான் போனாள்.

“உன்ர அக்காவைக் கண்டனான். முகாமில முள்ளுக்கம்பிக்கு அங்கால நிண்டு கையைக் காட்டினவா. நல்லா மெலிஞ்சு போனா.”

ராக்காயி அடுப்படியிலிருந்து எழும்பி வந்தாள். “கையக் காட்டுனாளா? எந்தக் கைய?” என்று கேட்டாளாம். நேசமலருக்கு நினைவில்லை. அதற்காக அவள் இன்னொருமுறை அழுதாள்.

அடுத்த வருசம் குகதாசன் மாஸ்டர் பயிற்றுநராக வந்தார். இளம் ஆள். ஏரம்பு மாஸ்டருக்கு நடந்ததைக் கேட்டறிந்துகொண்டு வந்திருந்தார். வந்த கையோடு ராஜினியைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

“பிள்ளை, முதலாவது மதிப்பீட்டில நீ விளையாடக் கூடாது.”

“வராமல் நிக்கட்டோ, சேர்?”

“வரோணும். வந்து, கேவலமா விளையாடோணும். நீ கெட்டிக்காரியா நிண்டால் நான் எதை வளர்க்கிறது? நானும் நாயாற்றுக்குப் போய் மீன் பிடிக்கிறதோ?”

ராஜினி, “வவுனியாவுக்குப் போகலாமோ, சேர்?” என்று மட்டும் கேட்டாள்.

“சத்தியமாப் போகலாம்.”

கேவலமாக விளையாடுவது இலகுவான காரியம் என்று நினைக்கிறவர்கள் நன்றாக விளையாடிப் பார்க்காதவர்கள். பந்து வந்தால் அவளுடைய கை தானாகப் போய்ப் பிடித்தது. கண் தானாக ஆளைத் தேடியது. பின்னேரங்களில் நேசமலர்தான் அவளுக்குப் பயிற்சி கொடுத்தாள். “பந்து வரேக்க வேற ஏதும் யோசி. சோதனைப் பெறுபேற்றை யோசி. நான் அப்பிடித்தான்.” குகதாசன் மாஸ்டர் ஓரமாக நின்று, “இன்னும் கூடாமல்! இன்னும் மோசமா!” என்று உற்சாகப்படுத்துவார்.

மதிப்பீட்டு நாளில் ராஜினி பந்தைத் தலைவரின் கதிரைக் காலுக்கு எறிந்தாள். தன் காலிலேயே தடக்கி விழுந்தாள். கடைசியாகப் பந்தைக் குளக்கட்டுக்கு அப்பால் அனுப்பினாள். சுற்றி நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று புள்ளி. குகதாசன் மாஸ்டரின் முகம் மலர்ந்தது. ராஜினி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அவளுடைய கண்கள் சிவந்திருந்ததைக் கண்டேன். முழங்கால் நோகிறது என்றாள்.

தவணை முடிவில் அவள் தன் சொந்த விளையாட்டை விளையாடினாள். அப்படியொரு விளையாட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. நேசமலர்கூடக் கண்ணைத் திறந்துகொண்டு ஒரு பந்து போட்டாள். தொண்ணூற்றொரு புள்ளி.

நான் கழித்தேன். விடையைக் கண்டு தலைவர் மகிழ்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் வெளிறிப் போனார்.

“ஒரு தவணைக்குள்ள எண்பத்தெட்டு? நெல்லுக்கூட இப்பிடி வளராது. இதில ஏதோ பிழை இருக்கு.”

“அப்ப முதலாவது மதிப்பீடு பிழையாக்கும், சேர்” என்றேன்.

“அதில என்ர கையெழுத்து இருக்கு.”

“ரெண்டாவது?”

“அதிலயும் இருக்கு.”

குழு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டு கையெழுத்தும் சரி. ஆகவே இரண்டு மதிப்பீடும் சரி. ஒரே ஆள் மூன்றாகவும் தொண்ணூற்றொன்றாகவும் இருக்க முடியாது. ஆகவே ஆள்தான் இரண்டு. இந்த முடிவுக்கு நாங்கள் படிப்படியாக, ஒருவரும் எதிர்க்காமல் வந்து சேர்ந்தோம். கணித ஆசிரியன் என்ற முறையில் அதில் குற்றம் காண என்னாலும் முடியவில்லை.

ராக்காயி விசாரணைக்கு அழைக்கப்பட்டாள். வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றாள்.

“அம்மா, உங்களுக்கு ராஜினி எத்தினை?”

“ஒண்ணுதான் சாமி.”

“பொம்பிளைப் பிள்ளையள் எத்தினை?”

“ரெண்டு சாமி.”

தலைவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். “மற்றப் பிள்ளை எங்கை?”

“வவுனியாவுல. முகாம்ல கெடக்குது. மூத்த புள்ள.” சொல்லும்போதே ராக்காயியின் குரல் உடைந்தது.

“முகம் ஒரே மாதிரியோ?”

“ஒரு வயித்துப் புள்ளைங்க. கொஞ்சம் ஒண்ணாத்தான் இருக்கும்.”

குகதாசன் மாஸ்டர் எழுந்தார். தன் பயிற்சியின் பெருமை கைநழுவிப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. “சேர், முகாமில இருக்கிற பிள்ளை பாஸ் இல்லாமல், அத்தினை தடையையும் தாண்டி எப்பிடி இங்க வந்து விளையாடிப்போட்டுத் திரும்பிப் போறது?”

தலைவர் தன் குறிப்பை எடுத்து வாசித்தார். “‘எதிரணியின் தடைகளை ஊடறுத்துச் செல்லும் ஆற்றல்: மிக நன்று.’ இது நீங்கள் எல்லாரும் சேர்ந்து குடுத்த புள்ளிதானே?”

குகதாசன் மாஸ்டர் இருந்துவிட்டார்.

அதன்பின் காரியங்கள் வேகமாக நடந்தன. தொண்ணூற்றொரு புள்ளி பெற்ற வீராங்கனையை அடையாளம் காண்பதற்காக உடனே அனுப்பி உதவுமாறு அந்தப் பக்கத்துக்கும், உள்ளே வர அனுமதிக்குமாறு இந்தப் பக்கத்துக்கும் திணைக்களம் அறிவித்தது. ஒரு தாய் மூன்று வருசம் கேட்டுக் கிடைக்காத பாஸ், விளையாட்டின் மேம்பாட்டுக்காக மூன்று கிழமையில் கிடைத்தது.

பிரேமிளா உழவு இயந்திரப் பெட்டியில் வந்து கல்லூரி வாசலில் இறங்கினாள். கையில் ஒரு சொப்பிங் பை மட்டும். ராக்காயி ஓடிப்போய் அவளுடைய முகத்தை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். ராஜினி கிட்டப் போகாமல் நின்றாள். பிரேமிளா “வாடி” என்ற பிறகுதான் போனாள். மூன்று பேரும் ஒரே சத்தமாக அழத் தொடங்கினார்கள்.

“முதல்ல மதிப்பீடு முடியட்டும்” என்றார் தலைவர். “அழுறதைப் பிறகு பாப்பம்.”

பிரேமிளாவின் கையில் பந்து கொடுக்கப்பட்டது. அவள் அதை இரண்டு கையாலும் பூசணிக்காய் மாதிரிப் பிடித்துக்கொண்டு, “இத என்ன செய்யணும்?” என்று கேட்டாள். எறியச் சொன்னதும் மெல்ல நிலத்தில் வைத்தாள். பூச்சியம்.

தலைவருக்கு வேர்த்தது. தொண்ணூற்றொன்றிலிருந்து பூச்சியம். “குறைஞ்சிருக்கு” என்றார் மெதுவாக. “பயங்கரமாக் குறைஞ்சிருக்கு.”

அப்போது ராஜினி முன்னுக்கு வந்தாள். தமக்கையின் விரல்களை விடாமல் பிடித்திருந்தாள்.

“முகாமில வைச்சிருந்தால் குறையாதோ, சேர்? திருப்பி அனுப்பினால் இன்னும் குறையும்.”

“பூச்சியத்துக்குக் கீழயோ?” தலைவர் என்னைக் கேட்டார்.

கணிதப்படி அதற்கு இடமுண்டு என்று உறுதிப்படுத்தினேன். பிரேமிளாவைத் திருப்பி அனுப்புவது விளையாட்டுத் துறைக்குப் பாதகம் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. அதே தீர்மானத்தின்படி, இனி இருப்பது மூன்று புள்ளி ராஜினிதான் என்பதால் அவளுடைய பெயர் அணியிலிருந்து வெட்டப்பட்டது. குகதாசன் மாஸ்டர் தலையில் கை வைத்தார். ராஜினி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தாய்க்கும் தமக்கைக்கும் நடுவில் குளக்கட்டு வழியே வீட்டுக்கு நடந்தாள்.

கதை பரவாமல் இருக்குமா? அடுத்த கிழமை எங்கள் மைதானத்தில் கூடைப்பந்து பழகச் சனம் வரிசையில் நின்றது. மகன் வவுனியாவில் அகப்பட்ட தாய்மார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்கள். புருசன் அங்காலையும் பிள்ளைகள் இங்காலையுமாக இருந்தவள் கைக்குழந்தையோடு நின்றாள். கனகராயன்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பரமலிங்கம், வயது எழுபதுக்கு மேல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அங்காலை நிற்கிறவரை இரண்டாவது ஆளாகத் திணைக்களமே கூட்டிவர வேண்டுமென்றால், எல்லோரும் முதலில் கேவலமாக விளையாடப் பழக வேண்டும். ராஜினி ஒருவர் பின் ஒருவராகப் பந்தை எறிந்து பழக்கினாள். மாவட்டத்தில் கூடைப்பந்து பெருவளர்ச்சி கண்டுள்ளதாகத் திணைக்களம் பெருமையுடன் அறிவித்தது.

ஒரு பின்னேரம் கரும்புகை தெரிந்தது. உதவிக் கல்விப் பணிப்பாளர் வந்து இறங்கினார். வரிசை நடுங்கியது. அவர் ஒருவரையும் பார்க்காமல் நேரே முன்னுக்குப் போனார்.

“சேர், பின்னால வாங்கோ. நாங்கள் மத்தியானம் துவக்கம் நிக்கிறம்” என்றார் பரமலிங்கம்.

அவர் மறுபேச்சில்லாமல் பின்னால் வந்து, வரிசைக் கடைசியில் நின்ற எனக்கு அடுத்ததாக நின்றார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டார்.

“மனுசியும் சின்னவளும்” என்றார் பிறகு. “பிரமனாலங்குளச் சோதனைச்சாவடிக்கு அங்கால. ரெண்டு வருசமாப் போச்சு, மாஸ்டர். உங்களுக்கு?”

“தம்பி” என்றேன்.

என் முறை வந்தது. சிறுவயதிலிருந்து என்னிடம் எறியப்பட்ட எந்தப் பந்தும் என் கைக்குள் நின்றதில்லை. அந்தத் தைரியத்தோடுதான் போய் நின்றேன். ராஜினி எறிந்தாள். எப்படி நடந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பந்து வந்து என் இரண்டு கைகளுக்குள்ளும் அழகாக இருந்தது.

வரிசை முழுவதும் “ஐயோ” என்றது. உதவிக் கல்விப் பணிப்பாளர் பின்னாலிருந்து வந்து என் தோளில் கை வைத்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“பரவாயில்லை, மாஸ்டர்” என்றார். “அடுத்த வருசம் பாப்பம்.”